கம்பவுண்டை விடுங்கள், பேடைப் பாருங்கள்

சுவா பக்கம் தோட்டத்துச் சாலையில் ஓடும் காடிக்குச் செம்மண் தூசிதான் முதல் எதிரி. அதைக் காய்ந்த துணியால் தினமும் துடைத்தால் போனட் முழுக்க வட்ட வட்டமாகக் கீறல் விழும். தீபாவளிக்கு முன்னால் அதைப் போக்க பாலிஷ் மெஷினைத் தூக்குகிறவர்கள், விலை உயர்ந்த கம்பவுண்டாகத் தேடி வாங்குகிறார்கள். பேட் மட்டும் மெஷினோடு வந்த அதே பேட்.

கழுவுவது, கிளே போடுவது, ரப்பர் ஓரங்களில் டேப் ஒட்டுவது உங்களுக்குத் தெரியும். காடியை நிழலில் நிறுத்துங்கள்; நம் வெயிலில் கம்பவுண்ட் தேய்க்கும் முன்பே காய்ந்துவிடும்.

இனி பேட். கம்பளி பேட் வேகமாக அறுக்கும், ஆனால் மங்கலான தடம் விட்டுப்போகும். கறுப்புக் காடியில் அது அப்பட்டமாகத் தெரியும். கெட்டி ஸ்பாஞ்ச் நடுத்தரம். மெத்து ஸ்பாஞ்ச் அதிகம் அறுக்காது, பளபளப்புதான் தரும். நிறத்தை நம்பி வாங்காதீர்கள். லேக் கன்ட்ரியின் மஞ்சள் அறுப்பதற்கு. மெகுவையர்ஸின் மஞ்சள் மெருகுக்கு. அட்டையைப் படியுங்கள், இல்லையென்றால் விரலால் அழுத்திப் பாருங்கள்.

பலரும் சறுக்குவது அடுத்த இடத்தில். முழு போனட்டையும் ஒரே மூச்சில் தொடங்காதீர்கள். ஒன்றரை அடிச் சதுரம் போதும். அதில் முதலில் மெத்து பேட், மெல்லிய பாலிஷ். கட்டத்துக்குள் மெதுவாக, குறுக்கும் நெடுக்குமாக நாலைந்து முறை ஓட்டுங்கள். துடைத்துவிட்டு டார்ச் அடியுங்கள். கீறல் அப்படியே இருந்தால் பாலிஷை மாற்றாதீர்கள், பேடை மட்டும் ஒரு படி கெட்டியாக்குங்கள். இரண்டையும் ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்றே தெரியாது. அதிலும் போகவில்லையா? அப்புறம்தான் கம்பவுண்ட். கம்பளி கடைசி ஆயுதம். கிளியர் கோட் பெரும்பாலும் 50 மைக்ரான் அளவுதான், தேய்த்தது திரும்பி வராது. நகம் மாட்டுகிற கீறலை எந்த பேடும் எடுக்காது, விட்டுவிடுங்கள். பேடில் காடியின் நிறமே ஒட்டினால் நிறுத்துங்கள்: ஒன்று மேலே கிளியர் கோட்டே இல்லாத பழைய பெயிண்ட், இல்லை அதைத் தாண்டிவிட்டீர்கள்.

துடைத்ததும் பளபளப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். பாலிஷில் இருக்கும் எண்ணெய் கீறலை மறைத்திருக்கும். தண்ணீர் கலந்த ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்த பிறகு தெரிவதுதான் நிஜம்.

கெட்டி பேடால் முடித்த காடியை அப்படியே விடக்கூடாது. அதே இடத்தில் மெத்து பேடால் இன்னொரு சுற்று. நேரமில்லை என்பார்கள், நேரமில்லாதவர் மெஷினைத் தொடாமல் வேக்ஸ் மட்டும் போட்டால் போதும்.

பம்பர் பிளாஸ்டிக், சூடு சீக்கிரம் ஏறும். அங்கேயும் கதவு விளிம்பிலும் அழுத்தவே கூடாது. கைப்பிடி ஓரத்துக்கு 3 அங்குலச் சின்ன பேட்.

ஒரு பேடுக்கு ஒரே மருந்து. கம்பவுண்ட் ஏறிய பேடில் பாலிஷ் ஊற்றினால் மெருகு வராது. ஒவ்வொரு கதவு முடிந்ததும் பிரஷ்ஷால் பேடைச் சுரண்டுங்கள். அடைந்துபோன ஸ்பாஞ்ச் அறுக்காது, சூடுதான் ஏற்றும். கடைசியில் வெந்நீர் வேண்டாம், பசை விட்டுப்போகும். சாதாரணத் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பிழிந்து நிழலில் உலர்த்துங்கள்.