கைவேலைக்கு விலை வைப்பது எப்படி?

நீலகிரித் தோடர் பெண்கள் வெள்ளைத் துணியில் சிவப்பு, கறுப்பு நூலால் போடும் பூவேலைக்கு அச்சோ கோடோ கிடையாது. இழையை எண்ணியே ஊசி இறங்கும். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற வேலை இது. இயந்திரத் தையலின் விலைக்குக் கொடுத்தால் கட்டுப்படியாகுமா?

இத்தகைய தொழில் நடத்துபவர், ஒரு சால்வைக்கு எத்தனை மணி நேரம் பிடிக்கிறது என்று முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். மணிக்கூலி, நூல், துணி, அனுப்பும் செலவு, கடைக்காரர் கமிஷன், கொஞ்சம் லாபம் எல்லாம் சேர்ந்ததே விலை. தள்ளுபடி கேட்டால் லாபத்தில் குறைக்கலாம். கூலியில் கைவைக்கக் கூடாது.

ஆர்டருடன் பாதிப் பணத்தை முன்பணமாக வாங்கிவிடுங்கள். நூல் வாங்கத் தையற்காரப் பெண்ணைக் கடன் வாங்க விடுவது தொழிலே அல்ல.

பூவேலை செய்யும் பெண்களுக்கு மத்திய அரசின் கைவினைஞர் அடையாள அட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் இன்றே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.