எத்தனை பேர் என்பது பாதிக் கணக்குதான்

போன மாதம் நம் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் ஓர் அண்ணன் எழுந்து, "நம்ம இந்தியர்கள் குறைஞ்சுக்கிட்டே வர்றோம். ஆளுக்கு நாலு பிள்ளை பெத்துக்கணும், அப்பதான் நம்ம சமுதாயம் முன்னேறும்" என்றார். பலர் கைதட்டினார்கள். பின்வரிசையில் இருந்த ஆறாம் படிவ மாணவி ஒருத்தி, "அந்த நாலு பேரையும் யாருண்ணே பார்த்துக்கிறது?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தோம், பேச்சு மாறிப்போச்சு. எனக்கு மட்டும் அந்தக் கேள்வி மனசுலேயே நின்னுடுச்சு. நான் இயந்திரப் பொறியியல் மாணவன், பொருளாதாரம் படித்தவன் இல்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்கலாமே.

முதலில் 'குறைகிறோம்' என்ற சொல். 1957ல் மலாயாவில் இந்தியர்கள் சுமார் 7 லட்சம் பேர், அதாவது 11 விழுக்காடு. இன்று மலேசியாவில் நாம் சுமார் 20 லட்சம், ஆனால் 7 விழுக்காட்டுக்கும் குறைவு. தலை எண்ணிக்கை கூடியிருக்கிறது, பங்குதான் சுருங்கியிருக்கிறது. அதற்கும் பிறப்பு மட்டுமே காரணமில்லை. 1963ல் சபாவும் சரவாக்கும் சேர்ந்தபோது மொத்தம் பெருகியது. 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாத தோட்டத் தொழிலாளர்கள் வேலை அனுமதிச் சிக்கலால் ஆயிரக்கணக்கில் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள்.

சரி, மக்கள் பெருகினால் வாழ்க்கைத்தரம் என்ன ஆகும்? ஒரு சின்னக் கணக்கு. எதுவும் ஆண்டுக்கு இத்தனை விழுக்காடு என்று வளர்ந்தால், 70ஐ அந்த எண்ணால் வகுத்தால் அது இரட்டிப்பாகும் ஆண்டுகள் தோராயமாக வந்துவிடும். நாட்டின் பொருளாதாரம் 5 விழுக்காடு வளர்கிறது, மக்கள்தொகை 3 விழுக்காடு வளர்கிறது என்று வைத்துக்கொள்வோம். தலைக்கு மிஞ்சுவது 2 விழுக்காடு. ஒருவருடைய வருமானம் இரட்டிப்பாக 35 ஆண்டு ஆகும். மக்கள்தொகை 1 விழுக்காடு மட்டும் வளர்ந்தால் தலைக்கு 4 விழுக்காடு, பதினேழு பதினெட்டு ஆண்டு போதும். பொருளாதாரம் அதே வேகம்தான், ஆனால் ஒரு தலைமுறை முன்னால் போய்விடுகிறோம்.

இதைப் படித்துவிட்டு 'அப்போ ஆள் குறைந்தால்தான் நல்லது' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் மலேசியாவின் கதை இடிக்கிறது. 1970ல் நாம் சுமார் 1 கோடி, 2020 கணக்கெடுப்பில் 3 கோடியே 24 லட்சம். மூன்று மடங்கு! அதே காலத்தில் வறுமை குறைந்தது. 1970ல் தீபகற்பத்தில் 49.3 விழுக்காட்டுக் குடும்பங்கள் வறுமையில் இருந்தன, 2000 வாக்கில் அது ஒற்றை இலக்கம்.

எப்படி? வயதைப் பாருங்கள். 1970ல் நூற்றுக்கு 45 பேர் பதினைந்து வயதுக்குக் கீழே. அந்தப் பிள்ளைகள் வளர்ந்து வேலைக்கு வந்த நேரத்தில், பாயான் லெப்பாஸ் மாதிரி இடங்களில் மின்னணுத் தொழிற்சாலைகள் திறந்திருந்தன. பெண்களும் சம்பளத்துக்குப் போனார்கள். இவர்கள் தாங்கள் பெற்றதோ குறைவு. ஆக உழைக்கும் கை அதிகம், ஊட்ட வேண்டிய வாய் குறைவு. வேலை இல்லாமல் இளைஞர் கூட்டம் மட்டும் இருந்திருந்தால் இந்த லாபம் கிடைத்திருக்காது.

நம் அரசாங்கமே இதில் இரண்டு பக்கமும் போயிருக்கிறது. 1966ல் தேசியக் குடும்பக் கட்டுப்பாட்டு வாரியத்தை அமைத்தார்கள். 1982ல் மகாதீர் இந்நாடு 7 கோடிப் பேரைத் தாங்கும் என்றார், 1984ல் அதுவே மக்கள்தொகைக் கொள்கை ஆனது. காரணம் ரொம்ப எளிது: தொழிற்சாலைக்குச் சந்தை வேண்டும். 1983ல் புரோட்டான் தொடங்கியாச்சு, 1985ல் சாகா கார் வந்தது. அச்சு, இயந்திரம் எல்லாவற்றுக்கும் போட்ட செலவைச் சில ஆயிரம் கார்களில் எடுக்க முடியாது. பொறியியல் மாணவனாக எனக்கு அந்த நியாயம் புரிகிறது. ஆனால் மக்கள் கேட்கவில்லை. அப்போது ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 4 பிள்ளை, 2010 வாக்கில் 2, இப்போது அதற்கும் கீழே. இந்தியப் பெண்களுக்கு 1ஐ விடச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். சிங்கப்பூரிலும் இதே கதை. 1972ல் 'இரண்டோடு நிறுத்து' என்றார்கள், 1987ல் 'முடிந்தால் மூன்று பெறு' என்று மாற்றினார்கள், 2023ல் 1க்கும் கீழே போய்விட்டது.

ஏன் கேட்கவில்லை என்று என் பாட்டியைக் கேட்டால் தெரியும். பாட்டிக்கு ஒன்பது பிள்ளை, தங்கியது ஏழு. லயத்தில் வீட்டுக்கு வாடகை இல்லை. பாட்டி பால்வெட்டப் போனால் கைக்குழந்தை ஆயாக் கொட்டகையில். பத்து வயது ஆனதும் பிள்ளை ஒட்டுப்பால் பொறுக்கி நாலு காசு கொண்டுவரும். "புள்ளைங்கதான்டா எங்க சேமநிதி" என்பார். அங்கே பிள்ளை வருமானம். ஆனால் அந்த ஏழு பேரில் ஐந்தாம் படிவம் வரை போனது என் அப்பா ஒருவர்தான். அந்த விலையையும் சேர்த்துத்தான் கணக்குப் போடணும்.

நாம் இருக்கும் இந்தச் சுபாங் ஜெயாவும் ஒரு காலத்தில் சீபீல்டு தோட்டம்தான். இப்போது இங்கே பிள்ளை என்றால் செலவு. என் அக்காவுக்கு ஒரு மகன், மூன்று வயது. அக்காவும் மாமாவும் காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் இருட்டித்தான் வீடு திரும்புகிறார்கள். வீட்டுக் கடனுக்கு அடுத்த பெரிய செலவு குழந்தைப் பராமரிப்பு. போன தீபாவளிக்கு ஓர் அத்தை, "ரெண்டாவது எப்பம்மா?" என்று கேட்டார். அக்கா சிரித்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். கொஞ்ச நேரம் வெளியே வரவே இல்லை. அவளுக்கு ஆசை இல்லாமல் இல்லை. பிள்ளைக்காக வேலையை விட்டால் சம்பளம் மட்டுமா போகும்? மாதாமாதம் அவள் போடும் 11 விழுக்காடு சேமநிதியும், முதலாளி போடும் பங்கும் நின்றுவிடும்.

அதனால் அந்த அண்ணன் சொன்னது முழுத் தவறு என்றும் சொல்ல மாட்டேன். அவர் பயத்தில் உண்மை இருக்கிறது. 1957ல் 888 தமிழ்ப்பள்ளிகள், இப்போது 520க்குச் சற்று மேல். 2030ல் நூற்றுக்கு 15 பேர் அறுபது வயதைத் தாண்டியிருப்பார்கள் என்று அரசாங்கமே எதிர்பார்க்கிறது. நம்மில் லோரி ஓட்டுகிறவர்கள், குத்தகை வேலைக்குப் போகிறவர்கள் பலருக்குச் சேமநிதியே கிடையாது. அவர்களுக்கு இன்னும் பிள்ளைதான் சேமநிதி, அதுவும் ஒன்றோ இரண்டோ. ஆனால் நாலு பெற்று, நாலும் எஸ்பிஎம் முடிக்காமல் அதே லோரியில் ஏறினால் என்ன மாறியது? தமிழ்நாட்டில் யாரையும் அதட்டாமல் பிறப்பு விகிதம் 1.8க்கு வந்தது, சத்துணவும் பெண்களின் படிப்பும் அதில் பெரும்பங்கு. பங்கு குறைகிறதே என்று அங்கேயும் இப்போது புலம்பல்தான்.

அடுத்த வகுப்புக்கு ஒரு வேலை தருகிறேன். ஒரு தாளில் உங்கள் பாட்டி காலத்து வீடு, இப்போதைய வீடு, 2045ல் உங்கள் வீடு என மூன்று கட்டம் போடுங்கள். ஒவ்வொன்றிலும் சம்பாதிப்பவர் எத்தனை, சாப்பிடுபவர் எத்தனை, பார்த்துக்கொள்பவர் யார் என்று எழுதுங்கள். என் தாளில் பாட்டி வீடு 2க்கு 9. இப்போது 2க்கு 3, படிப்பவன் நான் ஒருவன்தான். 2045ல் அப்பாவுக்கு 76, அம்மாவுக்கு 73. சம்பாதிப்பவர்கள் அக்காவும் நானும். 'பார்த்துக்கொள்பவர்' என்ற இடத்தில் யோசிக்காமல் அக்கா பெயரை எழுதிவிட்டேன். பிறகு அழித்துவிட்டு என் பெயரை எழுதினேன்.