கருவிழி ஓரத்தில் ஒரு நாற்றங்கால்



'ஸ்டெம் செல்' என்றதும், "இது டாக்டருக்குப் படிக்கிறவங்க சமாச்சாரம், டிப்ளமோ படிக்கிற நமக்கு எதுக்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை நீண்டு கிடக்கும் தொழிற்சாலைகளுக்குத்தான் நம்மில் பலர் பயிற்சிக்குப் போகிறோம். நாளைக்கு வேலையும் அங்கேதான். கார் பாடிக்குப் பெயிண்ட் அடிக்கும் முன் எண்ணெய்ப் பிசுக்கு போகக் காரக் கரைசலில் கழுவுகிறார்கள். பேட்டரிக்குள் கந்தக அமிலம். கட்டட வேலை நடக்கும் இடத்தில் சிமெண்டும் சுண்ணாம்பும். ஒரு துளி கண்ணில் தெறித்தால் என்ன ஆகும்? போன பார்வை திரும்புமா? இதைத்தான் இங்கே எழுத எடுத்துக்கொண்டேன்.

குருத்தணு அப்படின்னா என்ன?

தன்னைப் போலவே இன்னொரு செல்லை உண்டாக்கவும், தேவைப்படும்போது வேறு வேலை செய்யும் செல்லாக மாறவும் வல்ல செல்லே ஸ்டெம் செல். தமிழில் குருத்தணு. கருவில் மட்டுமல்ல, வளர்ந்த உடம்பிலும் எலும்பு மஜ்ஜை, தோல், குடல் என்று அந்தந்தத் திசுவிலேயே இவை தங்கியிருக்கின்றன.

கண்ணில் இவற்றின் இருப்பிடம் லிம்பஸ். அதாவது கருவிழிப் படலமும் வெள்ளை விழியும் சேருகிற மெல்லிய வளையம். வயலுக்கு நாற்றங்கால் எப்படியோ, கருவிழிக்கு லிம்பஸ் அப்படி. கருவிழியின் மேற்படலச் செல்கள் தேய்ந்து உதிர உதிர, இங்கிருந்து புதிய செல்கள் நடுவை நோக்கி நகர்கின்றன. சுமார் 7 முதல் 10 நாளில் மேற்படலமே புதிதாகிவிடும்.

அமிலமும் காரமும்

அமிலம் பட்டால் புரதம் உறைகிறது. உறைந்த புரதமே ஓரளவுக்குத் தடுப்பாகிவிடும். காரம் அப்படியல்ல. செல் சவ்வின் கொழுப்பைச் சோப்பாக்கிவிட்டு உள்ளே இறங்கிக்கொண்டே போகும். கெமிஸ்ட்ரியில் படித்த அதே சோப்பாக்கல் வினைதான்!

இப்படி லிம்பஸ் கருகிப்போனால், வெள்ளை விழியை மூடியிருக்கும் சவ்வு கருவிழி மேல் ஏறும், ரத்தக் குழாய்கள் படரும், பார்வை மங்கும். கண்தானத்தில் கிடைத்த கருவிழியை மட்டும் வைத்துத் தைத்தாலும் நிலைக்காது. நாற்றங்கால் இல்லாத வயலில் ஒருமுறை நட்டு என்ன பயன்?

பிரித்தெடுத்து வளர்ப்பது எப்படி?

1997-ல் இத்தாலியில் பெல்லெக்ரினி, டி லூகா குழுவினர் இரண்டு நோயாளிகளுக்கு இந்தச் செல்களை வளர்த்துப் பொருத்தியதை வெளியிட்டார்கள். நம் நாட்டில் ஹைதராபாத் எல்.வி.பிரசாத் கண் மருத்துவ நிலையத்தில் டாக்டர் விரேந்தர் சங்வான், டாக்டர் கீதா வெமுகண்டி ஆகியோர் 2001-ல் இதைத் தொடங்கினார்கள். முறை இதுதான்:

1. நோயாளியின் நல்ல கண்ணின் லிம்பஸிலிருந்து மிகச்சிறு துண்டு எடுக்கிறார்கள்.

2. அதைப் பொடியாக நறுக்கி, பிரசவத்தில் கிடைக்கும் பனிக்குடச் சவ்வின் மேல் வைக்கிறார்கள். சவ்வின் சொந்தச் செல்களை முதலிலேயே நீக்கியிருப்பார்கள்.

3. ஊட்டத் திரவம் ஊற்றி, 37 டிகிரி செல்சியஸ், 5 சதவீதக் கரியமில வாயு உள்ள இன்குபேட்டரில் வைக்கிறார்கள். சுமார் இரண்டு வாரத்தில் செல்கள் பரவிப் படலமாகின்றன.

4. அடிபட்ட கண்ணில் படர்ந்த திசுவைச் சுரண்டி எடுத்துவிட்டு, இந்தப் படலத்தைப் பொருத்துகிறார்கள்.

நறுக்காமல், டிஸ்பேஸ், டிரிப்சின் போன்ற நொதிகளால் செல்களைத் தனித்தனியாகப் பிரித்து வளர்ப்பது இன்னொரு வழி.

இன்ஸ்பெக்‌ஷன்

வளர்ந்ததெல்லாம் குருத்தணுவா? நம்ம பாஷையில் சொன்னால், இதற்கும் தரச் சோதனை உண்டு. பி63 என்ற புரதம் மிகுந்திருந்தால் அது இன்னும் குருத்துநிலைச் செல். கெரட்டின்-3, கெரட்டின்-12 தெரிந்தால் அது முதிர்ந்த கருவிழிச் செல்லாக மாறிவிட்டது. இரண்டுமே வேண்டும். முதிர்ந்தவை இன்றைக்குக் கண்ணை மூடிக் காக்கும். குருத்து இருந்தால்தான் நாளைக்கும் புதுச் செல் வரும்.

112 நோயாளிகளைப் பற்றி இத்தாலியக் குழு 2010-ல் வெளியிட்ட ஆய்வு இதை நிரூபித்தது. பி63 மிகுந்த செல்கள் 3 சதவீதத்துக்கு மேல் இருந்தபோது வெற்றி 78 சதவீதம். அதற்குக் குறைந்தபோது வெறும் 11 சதவீதம்.

ஹைதராபாத்தில் 200 பேருக்குச் செய்ததில் 71 சதவீத வெற்றி என்று 2011-ல் அறிவித்தார்கள். 2012-ல் அதையும் எளிமையாக்கினார் சங்வான். 2 மில்லிமீட்டர் சதுரத் துண்டை நறுக்கி, கண்ணின் மேலேயே பனிக்குடச் சவ்வு விரித்து ஒட்டிவிடுவது. ஆய்வகமே தேவையில்லை, கண்ணே இன்குபேட்டர்! 125 பேரில் 76 சதவீத வெற்றி என்று 2016-ல் ஆய்வு வந்தது. நம் சென்னை சங்கர நேத்ராலயாவிலும், குளிர்ந்தால் திரவமாகவும் சூடானால் கூழாகவும் மாறும் பாலிமரில் இச்செல்களை வளர்த்து, முயல்களில் பொருத்திப் பார்த்து 2009-ல் வெளியிட்டார்கள்.

நாம் செய்ய வேண்டியது

மேலே சொன்னதெல்லாம் ஒரு கண்ணாவது நன்றாக இருந்தால்தான். இரண்டும் கருகினால் பிறரிடமிருந்து திசு வாங்க வேண்டும். உடம்பு அதைத் தள்ளாமலிருக்க மருந்தும் சாப்பிட வேண்டும். ஆகவே தோழர்களே, பயிற்சிக்குப் போன முதல் நாளே கண் கழுவும் குழாய் எங்கே இருக்கிறது என்று கேட்டு வையுங்கள். கண்ணாடியை நெற்றியில் மாட்டாமல் கண்ணில் மாட்டுங்கள். தெறித்துவிட்டால் கசக்காதீர்கள், அமிலத்துக்குக் காரம், காரத்துக்கு அமிலம் என்று வைத்தியம் பண்ணாதீர்கள். இமையை விரித்துப் பிடித்து, குறைந்தது 15 நிமிடம் சுத்தமான தண்ணீரை ஓடவிட்டுக் கழுவிய பிறகே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

நூற்றுக்கு 76 என்பது விஞ்ஞானத்தின் பெரிய சாதனை. மீதி 24 பேரில் நாம் ஒருவராக இருக்க வேண்டாம்.