சர்க்கார் ஏட்டில் ஒரு வியாபாரப் பெண்மணி

சிங்கப்பூர் பீச் ரோடு வழியாக நம்மில் எத்தனையோ பேர் போய் வந்திருப்போம். அங்கே சற்றுச் சாய்ந்தாற்போல் நிற்கும் மினாராவைப் பார்த்து, ‘சாய்ந்த கோபுரம்’ என்று வேடிக்கையாகச் சொல்லிவிட்டு நடந்திருப்போம். அந்தப் பள்ளிவாசலின் பெயர் ஹஜ்ஜா பாத்திமா பள்ளிவாசல். 1973-ஆம் வருஷம் சிங்கப்பூர் அரசாங்கம் முதன்முதலாக எட்டுக் கட்டடங்களைத் தேசியச் சின்னங்களாகக் கெஜட்டில் பிரகடனம் செய்தது; அந்த எட்டில் இதுவும் ஒன்று. ஒரு பெண்மணியின் பெயர் இவ்வாறு சர்க்கார் ஏட்டில் ஏறியது எப்படி என்பதை வியாபாரிகளாகிய நாம் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனெனில் அவரும் வியாபாரியே.

ஹஜ்ஜா பாத்திமா மலாக்காவில் பிறந்த மலாய் மாது. சிலிபிஸ் தீவைச் சேர்ந்த புகிஸ் பிரபு ஒருவரை மணந்து சிங்கப்பூரில் வாழ்ந்தார். கணவரோ இளமையிலேயே காலமானார். முதலாளி மௌத்தான மறுநாளே கடன் கொடுத்தவர் வாசலில் வந்து நிற்பதும், கடன் வாங்கியவர் தெரு மாறிப் போவதும் நாம் அறியாததல்ல. அந்த அம்மையார் வியாபாரத்தை விடவில்லை. பாய்மரக் கப்பல்களும் படகுகளும் வைத்து வர்த்தகத்தைத் தாமே நடத்திப் பெருஞ்செல்வம் ஈட்டினார். அன்னை கதீஜா நாயகியாரின் வணிகத்தைப் பற்றிப் பேசிப் பெருமைப்படும் நாம், நமது துறைமுகத்திலேயே இருந்த இவரைப் பற்றிப் பேசுவது குறைவு.

அவர் வீட்டில் இரண்டு தடவை கொள்ளை நடந்தது, தீயும் வைத்தார்கள். உயிர் தப்பிய நன்றிக்காக, அந்த மனையையே கொடுத்துத் தம் செலவில் பள்ளிவாசல் கட்டினார். 1846-இல் வேலை முடிந்தது. தொழுகை மண்டபம் 1930-களில் திருப்பிக் கட்டப்பட்டது, மினாரா பழையதே. அம்மையாரும், மகள் ராஜா சித்தியும், மருமகன் செய்யிது அகமது அல்சகோபும் பள்ளியின் பின்புறத்தில் அடங்கியிருக்கிறார்கள்.

கெஜட்டில் ஏறிய கட்டடத்தை அனுமதியின்றி இடிக்கவோ மாற்றவோ முடியாது. நல்ல ஏற்பாடுதான். ஆயினும் சர்க்கார் காப்பாற்றுவது சுவரையும் கூரையையும். கப்பல் நடத்திய அந்தத் திறமைக்குத் தனியாக ஒரு கெஜட்டு கிடையாது. சம்பாத்தியத்தைப் பள்ளியாக்கி, அதில் பெயரும் நிலைத்ததால் இவர் மிஞ்சினார். பள்ளி கட்டாத பெண்களின் கதி?

நம்மவர் விஷயத்தைப் பார்ப்போம். சூலியா பள்ளியாகிய ஜாமிஆ பள்ளி, அல் அப்ரார் பள்ளி, நாகூர் தர்கா மூன்றும் 1974-இல் தேசியச் சின்னங்களாயின. 1826-இல் ஜாமிஆ பள்ளியை நிறுவியவர்களுக்குத் தலைவர் அன்சர் சாயபு என்று பெயர் சொல்ல முடிகிறது. கடைக்கு முதல் போடக் கழுத்து நகையைக் கழற்றிக் கொடுத்தவர்கள், ஊரில் இருந்துகொண்டு பிள்ளைகளையும் நிலத்தையும் கடனையும் கவனித்தவர்கள் யார் யார்? நமது நன்கொடைப் பட்டியல்களில்கூட ‘இன்னார் மனைவி’, ‘இன்னார் தாயார்’ என்று எழுதிக் கணக்கை முடித்துவிடுகிறோம். ஐந்து வெள்ளி கொடுத்த ஆணுக்கு முழுப் பெயரும் ஊரும் உண்டு.

வீட்டில் பழைய கடிதங்கள், பற்று வரவு நோட்டுகள் இருந்தால் எடைக்குப் போடுமுன் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். பாட்டிமார் உயிரோடு இருந்தால் அவர்கள் பெயரையும், கடைக்கு அவர்கள் கொடுத்ததையும் கேட்டு எழுதி நமது சங்கச் செயலாளரிடம் கொடுங்கள். வரும் நன்கொடைப் பட்டியலில் பெண்மக்களின் சொந்தப் பெயரையே போடுவதாக இருக்கிறோம்.