துணிக்கடைப் பொம்மையும் நெசவாளர் சங்கமும்

நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் கணக்கைப் பார்வையிடுவோர் முதலில் நோக்குவது இருப்புச் சரக்கையே. விற்காத புடவை ஒவ்வொன்றிலும் சங்கத்தின் மூலதனம் முடங்கிக் கிடக்கிறது. மூலதனம் முடங்கினால் நூல் வாங்க வழியில்லை. நூல் இல்லையேல் தறி நிற்கும். ஆகவே கடை முகப்பில் ஆடையணிந்து நிற்கும் ஆளுயரப் பொம்மையை வீண் ஆடம்பரமென்று ஒதுக்குவது சரியன்று.

இவ்வுருவத்துக்கு மேனாட்டில் வழங்கும் 'மானிக்கின்' என்னும் பெயர், 'சிறு மனிதன்' எனப் பொருள்படும் டச்சுச் சொல்லிலிருந்து வந்தது. உடைப் படங்களைத் தாங்கிய பத்திரிகைகள் பரவுமுன், பாரிசு நகரத்தார் புதுப்பாணி உடைகளைச் சிறு பொம்மைகளுக்கு அணிவித்து அயல்நாடுகளுக்கு அனுப்பினர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கடைகளில் மெழுகு உருவங்கள் நின்றன. அவை கனமானவை, வெப்பத்தில் இளகுபவை. பின்னர் காகிதக் கூழும், அதன்பின் கண்ணாடியிழையும் வந்தன.

தைத்த சட்டையை மடித்து வைத்தாலும் சட்டையென்று தெரியும். ஐந்தரை மீட்டர்ப் புடவையின் நிலை வேறு. அலமாரியில் கரையின் ஒரு துண்டு மட்டும் தெரியும்; முந்தானை உள்ளே மறைந்துவிடும். காஞ்சிபுரத்துக் கோர்வைப் புடவையில் மூன்று நாடாக்கள் ஓட்டி உடலையும் கரையையும் இணைக்கும் அருமையை, மடிப்பைப் பார்த்து யார் அறிவார்? விலையை மட்டும் கேட்டுவிட்டுப் போவார்கள்.

மாமல்லபுரக் கடற்கரையில் இக்குறை இன்னும் பெரிது. அங்கே வருவோரில் பலர் வேட்டியையோ புடவையையோ உடுத்தி அறியாதவர்கள். 2022ஆம் ஆண்டு அங்கு நடைபெற்ற சதுரங்க ஒலிம்பியாடை நினைவுகூர்க. 180க்கு மேற்பட்ட நாடுகளின் ஆட்டக்காரர்கள் கூடிய அவ்விழாவின் சின்னமான 'தம்பி', குதிரை முகமும் வேட்டி சட்டையும் கொண்டு கைகூப்பி நின்றான். வேட்டி என்பது இன்னதென விளக்க வேறு சொல் தேவைப்படவில்லை. விற்பனைக்கென அமைந்த உருவமன்று எனினும், நமக்கு அதில் பாடம் உண்டு.

வாங்கும்போது வெளிநாட்டு முகமும் வெளிறிய நிறமும் கொண்ட உருவங்களைத் தவிர்க்கலாம். நம் புடவை அவற்றின்மீது இரவல் வாங்கியதுபோல் தோன்றுகிறது. தலையில்லா உருவமே மேல் என்பது என் கருத்து. பத்துப் பொம்மைகள் வேண்டியதில்லை. நன்றாக உடுத்திய இரண்டு போதும். உடுத்துவதை நெசவாளர் வீட்டுப் பெண்களிடம் ஒப்படைத்தால் கொசுவம் ஒழுங்காக அமையும்.

கடலோரக் கடைகளுக்கு ஓர் எச்சரிக்கை. உப்புக் காற்றில் இரும்புக் குண்டூசி துருப்பிடித்துப் பட்டில் கறை ஏற்றும். வெள்ளிச் சரிகை கறுக்கும். கிழக்கு நோக்கிய கண்ணாடி வழியே வரும் வெயில் சாயத்தை வெளிறச் செய்யும். ஆதலால் வாரந்தோறும் புடவையை மாற்றுக. கைத்தறி முத்திரையும் விலைச்சீட்டும் வெளியே தெரியும்படி இருக்கட்டும். பொம்மை உடுத்திய புடவையும் இருப்புப் பதிவேட்டில் தன் எண்ணோடு ஏறியிருத்தல் வேண்டும். ஒருவர் அதையே விரும்பிக் கேட்டால் தயங்காமல் கழற்றிக் கொடுத்துவிட்டு, அன்றே வேறொன்றை உடுத்துக.