ஒரே குண்டு, எத்தனை மீட்டர்?

உந்தம் பற்றிய பாடம் முடிந்த அன்று, படிவம் 4 மாணவர் ஒருவர் தாம் பார்த்த காணொளியைப் பற்றிக் கேட்டார். அமெரிக்கக் காடு ஒன்றில் ஒருவர் துப்பாக்கிக் குழலின் வாய் வழியாகக் கரிமருந்தைக் கொட்டுகிறார். ஈயக் குண்டை வைத்து, நீண்ட கோலால் இடித்து இறக்குகிறார். தொலைநோக்கி இல்லை, வெறுங்கண்ணால் மானைக் குறிபார்க்கிறார். “இதைவிட நல்ல துப்பாக்கி இருக்கும்போது இவர் ஏன் இப்படிக் கஷ்டப்படுகிறார், டீச்சர்?” என்பது அவர் கேள்வி.

சட்டம் அப்படி என்பதே சுருக்கமான பதில். கொலராடோ போன்ற மாநிலங்களில் இவ்வகைத் துப்பாக்கிக்கென்றே தனி வேட்டைக் காலம் உண்டு. அந்தக் காலத்தில் தொலைநோக்கி பொருத்தக்கூடாது. மானுக்குக் குழலின் விட்டம் 0.40 அங்குலத்துக்குக் குறையக்கூடாது. வேட்டைக்காரர் விலங்கின் அருகே போயே ஆகவேண்டும். கையில் இருப்பது ஒரே குண்டு. மறுபடி மருந்து கெட்டித்து முடிப்பதற்குள் மான் மலையைத் தாண்டியிருக்கும். குறி தப்பிப் போனால்கூடப் பரவாயில்லை. வயிற்றிலோ காலிலோ பட்டால், அந்த விலங்கு புதருக்குள் கிடந்து மெல்ல மெல்லச் சாகும். ஆகவே “எத்தனை மீட்டருக்கு அப்பால் நான் சுடக்கூடாது?” என்ற கேள்விக்கு, வீட்டைவிட்டுப் புறப்படும் முன்பே அவரிடம் விடை இருக்கவேண்டும். அந்த எண்ணை நம் பாடநூல் சூத்திரங்களைக் கொண்டே கண்டுபிடிக்கலாம்.

தொடங்குமுன் ஒரு வார்த்தை. நம் நாட்டில் இது ஏட்டுக் கணக்கு மட்டுமே. உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பது, அது கையால் செய்ததாக இருந்தாலும், கடும் குற்றம். தீபகற்ப மலேசியாவில் ரூசா, கிஜாங் மான்களை வேட்டையாட உரிமம் வழங்குவதைப் பெர்ஹிலித்தான் 2009இல் நிறுத்தியது. அவற்றின் எண்ணிக்கை அவ்வளவு குறைந்திருந்தது. இந்த ரூசாவைத் தமிழ்நாட்டில் கடமான், மிளா என்பார்கள். இலங்கைத் தமிழர் மரை என்பார்கள். மூன்றும் ஒரே இனம்தான்.

அந்த மரைகள் திரியும் நுவரெலியா மலையில் 1848 முதல் 1855 வரை சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் குடியிருந்தார். பிற்காலத்தில் ஆப்பிரிக்காவின் ஆல்பர்ட் ஏரியை ஐரோப்பியருக்கு அறிமுகப்படுத்தியவர் இவரே. இலங்கையில் தம்மிடமிருந்த துப்பாக்கிகளின் எடையை அவர் எழுதிவைத்திருக்கிறார். மிகப் பெரியது, நான்கு அவுன்ஸ் குண்டு போடும் ஒற்றைக் குழல் துப்பாக்கி. அதன் எடை 21 இராத்தல், அதாவது 9.5 கிலோகிராம். ஏறக்குறைய ஒரு பத்துக் கிலோ அரிசிப் பையைத் தோளில் ஏந்திக் குறிபார்ப்பது போல! யானைக்காகச் செய்வித்த துப்பாக்கி அது. (மரையை அவர் பெரும்பாலும் சுட்டதே இல்லை. வேட்டை நாய்களை ஏவி, கத்தியோடு பின்னால் ஓடினார்.)

துப்பாக்கிக்கு ஏன் இத்தனை எடை? உந்த அழியாமை விதியைப் போட்டுப் பாருங்கள். நான்கு அவுன்ஸ் என்பது 113 கிராம். கணக்குக்காகக் குண்டின் வேகம் நொடிக்கு 400 மீட்டர் என்று வைப்போம். குண்டின் உந்தம் 0.113 × 400 = 45.2 கி.கி. மீ/நொடி. துப்பாக்கிக்கும் அதே அளவு உந்தம், எதிர்த் திசையில். 9.5 கிலோ துப்பாக்கி நொடிக்கு 4.8 மீட்டர் வேகத்தில் தோளை இடிக்கும். ஆற்றல் 107 ஜூல். அதே குண்டைச் சாதாரணமான 4 கிலோ துப்பாக்கியில் போட்டால் வேகம் 11.3 மீட்டர், ஆற்றல் 255 ஜூல். தோள்பட்டை எலும்பு என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. மருந்தின் புகையும் சேர்ந்து தள்ளுவதால் உண்மையான இடி இதைவிட அதிகம்.

மானுக்கு இவ்வளவு பெரிய குண்டு வேண்டாம். இன்று பலர் எடுப்பது அரை அங்குலக் குழல். அதற்குப் போடும் ஈய உருண்டையின் விட்டம் சுமார் 12.4 மி.மீ. கோளத்தின் கன அளவுச் சூத்திரத்தில் போட்டால் ஏறக்குறைய 1 கன சென்டிமீட்டர் வரும். ஈயத்தின் அடர்த்தி 11.3 என்பதால் நிறை 11.3 கிராம். பேக்கரின் குண்டு இதைப்போல் பத்து மடங்கு நிறை. ஆனால் விட்டம் 26.7 மி.மீ., இரண்டே கால் மடங்குகூட இல்லை. விட்டம் கூடும்போது நிறை மும்மடியாகவும், காற்றில் மோதும் பரப்பு இருமடியாகவும் ஏறுகின்றன. அதனால்தான் சிறிய உருண்டை காற்றில் சீக்கிரம் களைத்துப்போகிறது. பெரியது தன் வேகத்தை நெடுந்தூரம் காப்பாற்றுகிறது.

உருண்டைக்குப் பதிலாக நீள்குண்டு போடலாமே என்று கேட்பீர்கள். போடலாம். விட்டத்தை மாற்றாமல் நீளத்தைக் கூட்டி நிறையைக் கூட்டலாம். ஆனால் நீளமான பொருள் காற்றில் குட்டிக்கரணம் போடும். அதைத் தடுக்கக் குழலுக்குள் வெட்டிய சுருள் வரிகள் அதைப் பம்பரம்போல் சுழற்றவேண்டும். நீள்குண்டுக்கு ஏறத்தாழ 70 செ.மீ. நீளத்துக்கு ஒரு சுற்று தேவைப்படும். எல்லாப் பக்கமும் ஒன்றாக இருக்கும் உருண்டைக்கு 150 செ.மீ.க்கு ஒரு சுற்றே போதும். 500 மீட்டர் வேகத்தில் அதுவே நொடிக்கு 333 சுற்று. அவசரச் சுருளில் உருண்டையை அதிக மருந்தோடு சுட்டால், அதைச் சுற்றிய துணி வரியைப் பிடிக்க முடியாமல் வழுக்கிவிடும். ஆகவே முதலில் குண்டைத் தீர்மானித்து, பிறகே குழலைத் தேர்ந்தெடுக்கவேண்டும். இங்கேதான் புதியவர்கள் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்.

நாம் உருண்டையை எடுத்துக்கொள்வோம். வாயைவிட்டு வெளியேறும்போது வேகம் 500 மீட்டர். 100 மீட்டர் தொலைவில் 300 மீட்டர் என்று கொள்வோம். வேகம் அறுபது விழுக்காடாகக் குறைந்தால் இயக்க ஆற்றல் முப்பத்தாறு விழுக்காடாகக் குறையும்: 1,410 ஜூலிலிருந்து 510 ஜூலுக்கு. அடுத்து, புவியீர்ப்பு. முதல் 50 மீட்டருக்குச் சராசரி வேகம் 450 என்றால் நேரம் 0.11 நொடி, விழும் தூரம் 6 செ.மீ. 100 மீட்டருக்குச் சராசரி 400 என்றால் நேரம் 0.25 நொடி, விழும் தூரம் 31 செ.மீ. தொலைவு இரண்டு மடங்கு, வீழ்ச்சி ஐந்து மடங்கு!

குறியை 50 மீட்டருக்குச் சரிசெய்து வைத்தவரின் குழல் 6 செ.மீ. ஈடுகட்டும் அளவுக்குச் சற்றே மேல்நோக்கி இருக்கும். அதே கோணம் 100 மீட்டரில் 12 செ.மீ. ஈடுகட்டும். மீதி 19 செ.மீ. கீழே போகும். நடுத்தர மானின் இதயமும் நுரையீரலும் உள்ள பகுதியை 20 செ.மீ. விட்டமுள்ள ஒரு தட்டு என்று எண்ணிக்கொள்ளுங்கள். அதன் நடுவைக் குறிபார்த்தால் 10 செ.மீ. பிழைதான் பொறுக்கும். 100 மீட்டரில் அந்தக் குண்டு தட்டுக்கு வெளியே போகிறது. 75 மீட்டரில் அதே கணக்கைச் செய்தால் 6 செ.மீ.தான் கீழே வரும்; தட்டுக்குள் அடங்கும்.

இனிக் கண். குழலின் பின்பக்கம் ஒரு பிளவு, முன்பக்கம் ஒரு சிறு தகடு, அதற்கப்பால் மான். மூன்றும் வெவ்வேறு தொலைவில் உள்ளன. கண்ணின் வில்லை ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் தெளிவாகக் காட்டும். அனுபவசாலிகள் முன்தகட்டைத் தெளிவாகப் பார்த்து, மானைச் சற்று மங்கலாக விட்டுவிடுவார்கள். பின்பக்கப் பிளவுக்குப் பதில் சிறு துளை வைத்தால், ஊசித்துளைக் கேமராவைப்போல மூன்றும் ஓரளவு தெளிவாகும். ஆனால் வெளிச்சம் குறையும். மான்கள் வெளியே வருவதோ விடியலிலும் அந்தியிலும்!

முன்தகட்டின் அகலம் 2 மி.மீ., அது கண்ணிலிருந்து 80 செ.மீ. தொலைவில் இருக்கிறது என்றால், ஒத்த முக்கோணங்களின்படி 75 மீட்டரில் அது 19 செ.மீ. அகலத்தை மறைக்கும். நம் தட்டு ஏறக்குறைய முழுவதுமே அதன் பின்னால் ஒளிந்துகொள்ளும். மெல்லிய தகடு வைக்கலாம். அந்தியில் அது கண்ணுக்கே தெரியாது. இந்தக் குண்டு, இந்தக் குழல், இந்தக் குறி, இந்தக் கண் எல்லாம் சேர்ந்து தரும் விடை சுமார் 75 மீட்டர். காற்று வீசினால், கை நடுங்கினால் அதிலும் குறைத்துக்கொள்ளவேண்டும்.

பற்றவைக்கும் முறையையும் விடக்கூடாது. மலாய் வீரர்கள் பயன்படுத்திய இஸ்திங்கார் கனலும் திரியால் வெடித்தது. பிறகு சக்கிமுக்கிக் கல் வந்தது. அது முதலில் வெளியே பளிச்சிட்டு, பின்புதான் உள்ளே வெடிக்கும். அந்தப் பளிச்சைக் கண்டு பறவைகள் பறந்துவிடுகின்றன என்று எரிச்சலடைந்த ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சைத், தட்டினால் வெடிக்கும் வேதிப்பொருளைக் கொண்டு 1807இல் காப்புரிமை பெற்றார். தீபாவளிக்குப் பிரிக்பீல்ட்ஸ் பிள்ளைகள் வெடிக்கும் பொட்டுக் கேப்புக்கும் அதே தத்துவம்தான். கேப் வைத்த துப்பாக்கியில் தாமதம் மிகக் குறைவு. நம் ஊர் மழைக்கும் அது ஓரளவு தாங்கும். ஆனால் கரிமருந்து எரிந்ததில் பாதிக்கு மேல் திடப்பொருளாகிறது; அதில் ஒரு பகுதி குழலிலேயே படிகிறது. அதிலுள்ள பொட்டாசியம் கார்பனேட் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். கிள்ளான் பள்ளத்தாக்கின் காற்றில் அது இரும்பைத் துருப்பிடிக்க வைக்க அதிக நேரம் வேண்டாம். சுட்ட அன்றே வெந்நீரால் கழுவவேண்டும் என்பது அந்தக் காலத்திலிருந்து மாறாத விதி.

துப்பாக்கி இல்லாமலே இந்தக் கணக்கைச் சோதிக்கலாம். 20 செ.மீ. காகிதத் தட்டு ஒன்றை நண்பரிடம் கொடுத்துப் பள்ளித் திடலின் ஒரு முனையில் நிறுத்துங்கள். ஒரு கண்ணை மூடி, தீக்குச்சியைக் கை நீட்டிச் செங்குத்தாகப் பிடியுங்கள். தட்டு முழுவதும் குச்சிக்குப் பின்னால் மறையும்வரை பின்னால் நடந்து, நாடாவால் தொலைவை அளந்துகொள்ளுங்கள். குச்சி 2 மி.மீ., கண்ணிலிருந்து கை 60 செ.மீ. என்றால் 60 மீட்டர் வரவேண்டும். உங்கள் கையின் நீளத்தை அளந்து முதலிலேயே விடையை எழுதி வைத்துவிட்டு நடக்கத் தொடங்குங்கள். பிறகு மாலை 7 மணிக்கு, வெளிச்சம் குறையும்போது, அதையே மீண்டும் செய்து பாருங்கள்.