இணையக் கடையும் அனுப்புகூலியும்

எம் கல்லூரியில் வாணிப பாடம் பயின்ற இளைஞர் சிலர் இக்காலத்தில் வீட்டிலிருந்தபடியே இணையக் கடை நடத்துகின்றனர். பொருளின் அடக்கவிலையைச் சதம் பிசகாது கணிக்கும் இவர்கள், அனுப்புகூலியை மாத்திரம் குத்துமதிப்பாக இட்டுவிடுகின்றனர். பெட்டி இழைத்தவளின் கூலி பல வேளைகளில் இவ்வழியாகவே கரைந்துபோகின்றது. ஆதலின் இவ்விடயத்தைச் சிறிது ஆராய்வாம்.

யாழ்ப்பாணத்து ஒடியல் மாவையும் பனையோலைப் பெட்டிகளையும் விற்கும் கடையொன்றை உதாரணமாகக் கொள்வோம். மா பாரமானது, இடம் சிறிது கொள்வது. அதற்கு நிறைப்படி கூலி விதித்தல் போதும். பெட்டியின் இயல்பு வேறு. வெளிநாட்டுக்கு விமானமூலம் பொதி கொண்டுசெல்லும் கூரியர் நிறுவனங்கள் பெரும்பாலும் பொதியின் நீள அகல உயரங்களைச் சென்ரிமீற்றரில் அளந்து, பெருக்கி, 5000 ஆற் பிரித்து வருவதைக் கனவளவு நிறை எனக் கொள்ளும். தராசு காட்டும் நிறை, கனவளவு நிறை என்னும் இரண்டனுள் எது மிகுதியோ அதற்கே கூலி.

நீளம் 40, அகலம் 30, உயரம் 25 சென்ரிமீற்றர் உள்ள பொதி தராசில் ஒன்றரைக் கிலோ நிற்கின்றது என்க. அளவுகளின் பெருக்கம் 30,000; அதனை 5000 ஆற் பிரிக்க வருவது 6 கிலோ. ஒன்றரைக் கிலோவுக்குக் கூலி வாங்கிய வணிகர் ஆறு கிலோவுக்குக் கட்டுகின்றார்! இதற்குப் பரிகாரம் கணினியில் இல்லை. கட்டும் முறையிலேயே உள்ளது. எம் பாட்டிமார் சிறிய பெட்டியைப் பெரிய பெட்டியினுள் வைத்து அடுக்கியதுபோல அடுக்கி, உயரத்தைப் பாதியாக்கினால், கனவளவு நிறை 3 கிலோவாகும். தனிப்பெட்டியாக விற்பதிலும் அடுக்காக விற்பதே இக்கடைக்கு நன்று.

இனி, எல்லோருக்கும் ஒரே கூலி என்னும் முறை. பிரித்தானியாவில் முன்னர்க் கடிதக்கூலி தூரத்துக்கேற்ப ஏறியது. பெரும்பாலும் பெறுபவரே அதனைச் செலுத்தினார். கடிதத்தைக் கொண்டுசெல்லும் செலவு சிறிதென்றும், கையாளுதற்கும் வசூலித்தற்கும் ஆகும் செலவே பெரிதென்றும் உரோலண்ட் ஹில் 1837 இல் எடுத்துக்காட்டினார். 1840 இல் அரை அவுன்சுக் கடிதம் அந்நாட்டில் எங்கும் ஒரு பெனிக்குச் சென்றது. இஃது அரசுக்கு இயன்றது; கடைக்காரருக்கு அவ்வளவு எளிதன்று. ஏன்? பத்துப் பொதிகளில் அண்மைக்குரிய ஆறுக்குத் தலா 350 ரூபாவும், சேய்மைக்குரிய நான்குக்குத் தலா 600 ரூபாவும் செலவென வைத்துக்கொள்வோம். (தொகைகள் யாம் கற்பித்தவை.) மொத்தம் 4500, சராசரி 450. அண்மையில் உள்ளவர் நூறு ரூபா மிகையெனக் கண்டு வேறு கடைக்குப் போவார். சேய்மையில் உள்ளவரோ விரும்பி வருவார். சில மாதங்களிற் சராசரியே மாறி, 450 நட்டமாகும். ஆகவே நாட்டை இரண்டு மூன்று வலயங்களாக வகுத்துக் கூலி குறித்தலே தக்கது.

இலவசமாக அனுப்புதல் என்பது இலாபத்திலிருந்து கூலி கொடுத்தலேயன்றி வேறன்று. பொருள் கைசேர்ந்தபின் பணம் பெறும் முறையிலோ, ஏற்காது திருப்பிய பொதிக்குப் போக்குக் கூலியுடன் வரவுக் கூலியும் வணிகர் தலையிலேயே விழக்கூடும்.

வெளிநாட்டிலுள்ள எம்மவருக்கு அனுப்புவோர் தீர்வை யார் பொறுப்பென்பதைப் பணம் பெறுமுன்னரே தெரிவித்தல் வேண்டும். 22 யூரோவுக்கு மேற்படாத பொருள்களுக்கிருந்த சேர்பெறுமதி வரிவிலக்கை ஐரோப்பிய ஒன்றியம் 2021 யூலை 1 இல் நீக்கியது. 800 டொலர் வரையிருந்த தீர்வை விலக்கை அமெரிக்கா 2025 ஓகஸ்ட் 29 இல் எல்லா நாடுகளுக்கும் நிறுத்தியது. முன்னர்த் தடையின்றிச் சென்ற பொதிக்கு வாசலிற் பணம் கேட்டால், வாங்குபவர் குறைகூறுவது சுங்கத்தையன்று, கடையையே.

கடையின் கணினி அமைப்பில் ஒவ்வொரு பொருளுக்கும் நிறை குறிக்கும்போது மட்டையும் பொதிதாளும் சேர்த்தே நிறுத்தல் வேண்டும். நிறைக் கட்டத்தை வெறுமையாக விட்டால் அதனைப் பூச்சியமெனக் கொள்ளும் அமைப்புகளும் உள. கடை திறக்குமுன் யாழ்ப்பாணம், கொழும்பு, இலண்டன் முகவரிகளுக்கு மூன்று பரீட்சைக் கட்டளைகள் இட்டு, திரையிற் காணும் கூலியையும், கட்டிய பொதியைக் கொண்டுபோய்த் தபாற் கந்தோரிலும் கூரியரிடத்தும் கேட்டறிந்த கூலியையும் பக்கத்திற் பக்கமாக எழுதிப் பார்க்க.